ஓமின் எட்டுக் கம்பிகள்

2, 4, 6, 10, 18, 34, 66, 130. எட்டுச் செம்புக் கம்பிகளின் நீளங்கள் இவை, அங்குலக் கணக்கில். எல்லாம் ஒரே தடிமன். 1826 ஜனவரியில் ஜெர்மனியின் கொலோன் நகரத்தில், பள்ளி ஆசிரியராக இருந்த கேயார்க் சைமன் ஓம் இந்தக் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தன் கருவியில் மாட்டி, எவ்வளவு மின்னோட்டம் பாய்கிறது என்று அளந்தார். ஜனவரி 8ஆம் தேதி அளவுகளில் மிகக் குட்டையான கம்பிக்கு 326¾, மிக நீளமான கம்பிக்கு 48½.

326¾ என்ன? ஆம்பியர் அல்ல, அந்த அலகு அப்போது பிறக்கவில்லை. மெல்லிய இழையில் ஒரு காந்த ஊசி தொங்குகிறது. அதன் கீழே மின்னோட்டம் பாய்ந்தால் ஊசி விலகும். விலகிய ஊசியைப் பழைய இடத்துக்கே இழுத்துவர, இழையின் மேல்முனையை எவ்வளவு முறுக்க வேண்டியிருக்கிறதோ அதுதான் அளவு. ஓமின் தந்தை பூட்டுச் செய்யும் கைவினைஞர். உலோகத்தை அராவிப் பொருத்தும் பழக்கம் மகனுக்கும் இருந்தது. நுட்பமான இந்தக் கருவியைச் செய்துகொள்ள அது கைகொடுத்தது.

முந்தைய ஆண்டே அவர் இதே சோதனையைச் செய்து ஒரு கட்டுரையும் வெளியிட்டிருந்தார். அதில் வந்த சூத்திரம் தவறு. அன்றைய மின்கலங்கள்தான் காரணம். கம்பியைப் பூட்டிய கணத்தில் வேகமாகப் பாயும் மின்னோட்டம் சில நிமிடங்களில் தளர்ந்துவிடும். மூலமே நிலையாக நிற்காதபோது கம்பியால் வந்த மாற்றம் எது, கலத்தால் வந்த மாற்றம் எது என்று பிரிக்க முடியாது. இயற்பியல் இதழாசிரியர் பொகெண்டார்ஃப் அவருக்கு ஒரு வழி சொன்னார். 1821இல் சீபெக் கண்டுபிடித்த வெப்ப மின்னிணையைப் பயன்படுத்தலாமே? பிஸ்மத்தையும் செம்பையும் இரண்டு இடங்களில் இணைத்து, ஓர் இணைப்பைக் கொதிநீரிலும் மற்றதைப் பனிக்கட்டியிலும் வைத்தால், அந்த வெப்ப வேறுபாடு ஒரு சிறிய மின்னழுத்தத்தைத் தரும். நீர் கொதிக்கும்வரை, பனி உருகிக்கொண்டிருக்கும்வரை அது மாறவே மாறாது.

நிலையான மூலம் கிடைத்ததும் எண்கள் ஒழுங்குக்கு வந்தன. கம்பியின் நீளத்தோடு 20¼-ஐக் கூட்டி, அந்தத் தொகையால் 7285-ஐ வகுத்தால் மின்னோட்டம் வந்துவிடும் என்று ஓம் கண்டார். நீங்களே போட்டுப் பாருங்கள். 2 அங்குலக் கம்பிக்கு 7285-ஐ 22.25-ஆல் வகுக்க வேண்டும், 327.4 வரும். அளந்தது 326.75. 34 அங்குலத்துக்குக் கணக்கு 134.3, அளவு 134.5. 130 அங்குலத்துக்கு இரண்டும் 48.5. கையால் முறுக்கி, கண்ணால் பார்த்து எடுத்த அளவுகளுக்கு இப்படி ஒரு பொருத்தம் வருவதைப் பார்த்தால் இன்றும் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

7285 மூலத்தின் வலிமை. அதாவது மின்னழுத்தம். அதுவரை புரிந்துகொள்வது எளிது. 20¼ எங்கிருந்து வந்தது? அதுதான் இந்தச் சோதனையின் உயிர். ஓம் மாற்றிக்கொண்டிருந்தது வெளியே மாட்டிய கம்பியை மட்டும். ஆனால் மின்னோட்டம் அந்தக் கம்பி வழியாக மட்டுமா போகிறது? பிஸ்மத் பட்டை, செம்புப் பட்டை, இணைப்புகள் எல்லாவற்றையும் சுற்றித்தான் வருகிறது. அவை அனைத்தும் சேர்ந்து போடும் தடை, 20¼ அங்குலச் செம்புக் கம்பி போடும் தடைக்குச் சமம். நீங்கள் கம்பியே மாட்டாவிட்டாலும் அந்த 20¼ அங்கே இருக்கும். பாடப்புத்தகத்தில் ஓம் விதியைப் படிக்கும்போது பெரும்பாலும் விடுபட்டுப்போவது இந்த எண்தான். வீட்டு மின்சாரத்தில் நாம் படும் பாடுகளில் பல இதற்குள் அடங்கியிருக்கின்றன என்பதால் இதை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.

1827இல் ஓம் இதையெல்லாம் கணித வடிவில் ஒரு நூலாக எழுதினார். வெப்பம் உலோகத்தில் பரவும் முறைக்கு ஃபூரியே எழுதிய கணக்கையே மின்சாரத்துக்கும் முன்மாதிரியாகக் கொண்டார். வரவேற்பு இல்லை. மனம் கசந்து கொலோன் வேலையை விட்டார். லண்டன் ராயல் சொசைட்டி 1841இல் கோப்லி பதக்கம் கொடுத்த பிறகுதான் மரியாதை பரவியது. 1854இல் இறந்தார். 1881இல் பாரிஸில் கூடிய மின்னியல் மாநாடு தடையின் அலகுக்கு அவர் பெயரை ஏற்றுக்கொண்டது. இங்கிலாந்தின் ஹென்றி கேவண்டிஷ் 1781 வாக்கிலேயே இந்த உறவைக் கண்டுவிட்டார் என்பதும் இங்கே சொல்லப்பட வேண்டியது. அளவுகோலாக அவர் பயன்படுத்தியது தன் உடம்பை. கையில் உறைக்கும் அதிர்ச்சியின் வலிமையை ஒப்பிட்டே முடிவுக்கு வந்தார். வெளியிடவில்லை. 1879இல் மேக்ஸ்வெல் அந்தக் கையெழுத்துப் பிரதிகளை அச்சில் கொண்டுவந்தபோதுதான் உலகத்துக்குத் தெரிந்தது.

இனி நம் வீட்டுக்கு வருவோம். ஓர் இஸ்திரிப் பெட்டி. 230 வோல்ட்டில் 4.35 ஆம்பியர் எடுக்கிறது. ஓம் விதிப்படி, மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் மின்தடை: ஏறத்தாழ 53 ஓம். இரண்டையும் பெருக்கினால் திறன்: 1000 வாட். அதே இரண்டு எண்கள். வகுத்தால் ஒன்று, பெருக்கினால் இன்னொன்று.

பெருக்கினால் ஏன் திறன் வருகிறது என்பதை ஒரு வரியில் பார்த்துவிடலாம். ஒரு வோல்ட் என்பது ஒரு கூலும் மின்னூட்டம் எடுத்துவரும் ஒரு ஜூல் ஆற்றல். ஒரு ஆம்பியர் என்பது நொடிக்கு ஒரு கூலும். இரண்டையும் பெருக்க, கூலும் அடிபட்டுப் போய் நொடிக்கு இத்தனை ஜூல் என்று மிஞ்சுகிறது. அதற்குத்தான் வாட் என்று பெயர். 1000 வாட் ஒரு மணி நேரம் ஓடினால் மின்கட்டண அட்டையில் ஒரு யூனிட்.

இரண்டு விடைகளும் ஒரே தன்மை உடையவை அல்ல. 53 ஓம் என்பது பெட்டிக்குள் இருக்கும் நிக்ரோம் கம்பியின் குணம். பிளக்கைப் பிடுங்கி அலமாரியில் வைத்தாலும் அது கூடவே இருக்கும். 1000 வாட் பெட்டிக்குச் சொந்தமானது அல்ல. அந்த நேரத்தில் அந்த மின்னழுத்தத்தில் நடக்கும் ஒரு நிகழ்வு. மாலையில் வோல்டேஜ் 180-க்கு இறங்கிவிட்டது என்று வையுங்கள். தடை மாறவில்லை. 180-ஐ 53-ஆல் வகுத்தால் 3.4 ஆம்பியர். பெருக்கினால் 612 வாட். மின்னழுத்தம் குறைந்தது 22 சதவீதம். திறன் குறைந்ததோ 39 சதவீதம். மின்னழுத்தம் இறங்கும்போது மின்னோட்டமும் கூடவே இறங்குவதால் அடி இரண்டு பக்கமும் விழுகிறது. லோ வோல்டேஜ் நாளில் ஹீட்டரில் தண்ணீர் காய இவ்வளவு நேரம் பிடிப்பது இதனால்தான்.

மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வெப்பம் எழுகிறது என்பதைச் சோதனையில் நிறுவியவர் ஜேம்ஸ் ஜூல். மான்செஸ்டரை அடுத்த சால்ஃபோர்டில் பீர் காய்ச்சும் குடும்பத்துப் பிள்ளை. 1840இல், இருபதுகளின் தொடக்கத்திலேயே, கம்பிச் சுருளைத் தண்ணீரில் அமிழ்த்தி, மின்னோட்டம் பாய்ச்சி, வெப்பமானியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மின்னோட்டத்தை இரண்டு மடங்காக்கினால் வெப்பம் நான்கு மடங்கு. தடையை இரண்டு மடங்காக்கினால் வெப்பம் இரண்டு மடங்கு.

இங்கேதான் மாணவர்கள் காலங்காலமாக இடறுகிறார்கள். ஜூல் கணக்குப்படி திறன் என்பது மின்னோட்டத்தின் வர்க்கம் பெருக்கல் தடை. தடை கூடினால் சூடு கூடும். ஓம் விதியை அதில் போட்டு மாற்றி எழுதினால், மின்னழுத்தத்தின் வர்க்கம் வகுத்தல் தடை என்று வரும். இதன்படி தடை கூடினால் சூடு குறையும். இரண்டும் ஒரே கணக்கின் இரண்டு முகங்கள், இரண்டும் சரி. அப்படியானால் தடை கூடினால் சூடு ஏறுமா, இறங்குமா?

கேள்வியில் பாதி விடுபட்டிருக்கிறது. தடையை மாற்றும்போது எதை மாறாமல் வைத்திருக்கிறோம் என்று சொல்லவில்லை. வீட்டில் எல்லாப் பொருள்களும் 230 வோல்ட்டுக்குக் குறுக்கே பக்கவாட்டில் இணைந்திருக்கின்றன. மாறாதது மின்னழுத்தம். அங்கே தடை குறைந்த பொருள்தான் அதிகம் சுடும்: 2000 வாட் ஹீட்டரின் தடை 26½ ஓம், 1000 வாட் பெட்டியின் தடை 53. ஆனால் இஸ்திரிப் பெட்டியையும் அதன் ஒயரையும் பாருங்கள். ஒன்றன்பின் ஒன்றாக இணைந்தவை. இரண்டிலும் பாய்வது அதே 4.35 ஆம்பியர். மாறாதது மின்னோட்டம். இங்கே தடை அதிகமான இடம்தான் சுடும். ஒயரின் தடை 0.1 ஓம் என்றால் அதில் எழுவது 2 வாட்டுக்கும் குறைவு. பெட்டியின் கம்பியில் 1000 வாட். துணி தேய்ப்பவர் பெட்டியின் அடியைத் தொட அஞ்சுகிறார், ஒயரைக் கையில் சுற்றிக்கொள்கிறார்.

பழைய குண்டு பல்புகளில் ஒரு 40 வாட், ஒரு 100 வாட் எடுத்து ஒன்றன்பின் ஒன்றாக இணைத்தால் 40 வாட் பல்புதான் நன்றாக எரியும், 100 வாட் மங்கிக் கிடக்கும். பல்பின் மேல் எழுதியிருக்கும் வாட் 230 வோல்ட் முழுதாகக் கிடைத்தால் மட்டுமே உண்மை என்பதை இதைவிட நேராகக் காட்ட முடியாது.

இப்போது அந்த 20¼-க்குத் திரும்பலாம். குளியலறையில் 2000 வாட் ஹீட்டர் ஓடுகிறது. சாக்கெட்டுக்குள் பித்தளைப் பிடிப்பு கொஞ்சம் தளர்ந்து, பிளக் முள்ளை இறுகக் கவ்வவில்லை. தொடும் பரப்பு குறைந்துபோய் அங்கே அரை ஓம் தடை உருவாகிவிட்டது. அரை ஓம்தானே என்று தோன்றும். சுற்றின் மொத்தத் தடை 26.45-ம் 0.5-ம் சேர்ந்து 26.95. மின்னோட்டம் 8.7-க்குப் பதில் 8.5 ஆம்பியர். அந்தத் தளர்ந்த இடத்தில் எழும் வெப்பம் 8.5-இன் வர்க்கம் பெருக்கல் அரை: 36 வாட். ரேடியோ பழுதுபார்ப்பவர் ஈயம் உருக்கப் பயன்படுத்தும் சால்டரிங் அயர்ன் 25 வாட். அதைவிட அதிக வெப்பம், கடுகளவு இடத்தில், பிளாஸ்டிக் மூடிக்குள். பித்தளை சூடாகித் தன் இறுக்கத்தை மேலும் இழக்கும், மேற்பரப்பு கறுக்கும், தடை மேலும் ஏறும், சூடு மேலும் ஏறும்.

இந்த ஆபத்தில் என்னை மிகவும் கவலைப்படுத்துவது, பாதுகாப்புக்கென்று வைத்திருக்கும் எதுவும் இதைத் தடுக்காது என்பதுதான். ஃப்யூஸும் எம்.சி.பி.யும் அளவுக்கு மீறிய மின்னோட்டத்தைப் பார்த்து அணைபவை. இங்கே மின்னோட்டம் கூடவில்லை, கொஞ்சம் குறைந்திருக்கிறது. ஹீட்டரின் முனையில் அளந்தாலும் 226 வோல்ட் இருக்கும். யாருக்கும் சந்தேகம் வராது. அளவி காட்டிக்கொடுப்பது ஓரிடத்தில்தான்: தளர்ந்த இணைப்பின் இரண்டு பக்கத்துக்கும் நடுவே. நல்ல இணைப்பென்றால் அங்கே கிட்டத்தட்ட ஒன்றுமில்லாமல் இருக்க வேண்டும். இதில் 4 வோல்ட்டுக்கு மேல் காட்டும். தடை கணக்கிடும்போது மின்னழுத்தம் எவ்வளவு என்பதோடு, எந்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவே என்று கேட்டே ஆகவேண்டும். மெயின்ஸில் இதை எலக்ட்ரீஷியன் மட்டும் அளக்கட்டும். நீங்கள் செய்யக்கூடியது, ஹீட்டரை அணைத்த கையோடு பிளக்கைக் கழற்றித் தொட்டுப் பார்ப்பது. சுட்டாலோ, முள் கறுத்திருந்தாலோ சாக்கெட்டை மாற்றிவிடுங்கள்.

அதே பாடத்தை ஆபத்தில்லாமல் கற்க ஒரு டார்ச் பேட்டரி போதும். பழைய பேட்டரியை மல்டிமீட்டரில் வைத்தால் 1.4 வோல்ட் காட்டுகிறது. நன்றாகத்தானே இருக்கிறது என்று நினைப்போம். சின்ன பல்பை இணைத்து, எரியும்போதே மறுபடி அளந்தால் 0.9 வோல்ட். பாயும் மின்னோட்டம் 0.2 ஆம்பியர். காணாமல்போன அரை வோல்ட் பேட்டரிக்குள்ளேயே செலவாகிறது. அரை வோல்ட்டை 0.2-ஆல் வகுத்தால் 2½ ஓம்: அதுதான் பேட்டரியின் உள்தடை, ஓம் தன் கருவியில் கண்ட 20¼-இன் இன்றைய உருவம். பேட்டரி கிழடுதட்டுவது என்றால் பெரும்பாலும் இந்த உள்தடை ஏறுவதுதான்.

எங்கே அளக்கிறோம் என்பது ஒரு கேள்வி. எப்போது அளக்கிறோம் என்பது இன்னொன்று. 100 வாட் குண்டு பல்பு 230 வோல்ட்டில் 0.435 ஆம்பியர் எடுக்கும். வகுத்தால் 529 ஓம். அதே பல்பைக் கழற்றி மல்டிமீட்டரில் வைத்தால் ஏறத்தாழ 40 ஓம்தான் காட்டும். மீட்டர் கெடவில்லை. டங்ஸ்டன் இழை எரியும்போது 2000 டிகிரி செல்சியஸைத் தாண்டிய சூட்டில் இருக்கிறது. உலோகம் சூடேறினால் தடையும் ஏறும். ஆறிய இழையில் 230 வோல்ட் போய் இடிக்கும் முதல் கணத்தில் பாய்வது 5 ஆம்பியருக்கு மேல், வழக்கத்தைப்போல் பத்து மடங்குக்கும் அதிகம். பல்புகள் சுவிட்சைப் போட்ட நொடியில் பீஸ் போனதை நம் வீடுகளில் எல்லாரும் பார்த்திருக்கிறோம். இஸ்திரிப் பெட்டிக்கு இந்தச் சிக்கல் இல்லை. நிக்ரோமின் தடை சூட்டில் சில சதவீதமே மாறும். ஹீட்டர்களுக்கு அந்தக் கலப்பு உலோகத்தைத் தேர்ந்தெடுக்க அதுவும் ஒரு காரணம்.

எல்.இ.டி. இன்னும் வேறு சாதி. ஒரு குறிப்பிட்ட மின்னழுத்தம் வரும்வரை அது ஏறக்குறைய ஒன்றையும் விடாது. அதைத் தாண்டினால் சிறு உயர்வுக்கே மின்னோட்டம் மளமளவென்று ஏறும். வகுத்தால் ஒரு எண் வரத்தான் செய்யும், ஆனால் அடுத்த மின்னழுத்தத்துக்கு அந்த எண் உதவாது. பெருக்கல் மட்டும் கைவிடுவதில்லை: அந்தக் கணத்து மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் பெருக்கினால் அந்தக் கணத்துத் திறன், எந்தப் பொருளாக இருந்தாலும்.

மின்னோட்டத்தின் வர்க்கம் என்ற ஜூலின் கணக்குதான் நாடு முழுவதும் உயர்ந்த கோபுரங்களை நட்டுவைத்திருக்கிறது. சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து தமிழ்நாட்டின் புகளூருக்கு 1,700 கிலோமீட்டருக்கு மேல் நீளும் நேர்மின்னோட்டப் பாதை 6000 மெகாவாட் சுமக்கக்கூடியது. ஒரு கம்பித் தொகுதி பூமியைவிட 8 லட்சம் வோல்ட் மேலே, மற்றது 8 லட்சம் வோல்ட் கீழே. இரண்டுக்கும் நடுவே 16 லட்சம். திறனை மின்னழுத்தத்தால் வகுத்தால் 3750 ஆம்பியர். இதே திறனை 230 வோல்ட்டில் அனுப்ப நினைத்தால் 2.6 கோடி ஆம்பியர் வேண்டும். மின்னோட்டம் ஏறத்தாழ 7000 மடங்கு. அதே கம்பியில் இழப்பு அதன் வர்க்கம், கிட்டத்தட்ட ஐந்து கோடி மடங்கு. அதைத் தாங்கும் கம்பி உலகில் கிடையாது.

உயர் அழுத்தத்தில் பத்திரமாக வந்த மின்சாரம் கடைசி ஓரிரு கிலோமீட்டரில்தான் தடுமாறுகிறது. டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து வயலின் கடைக்கோடி மோட்டார் ரூம்வரை போகும் தாழ்வழுத்தக் கம்பிக்குப் போகவர ஒரு ஓம் தடை என்று வைப்போம். எல்லாரும் ஒரே நேரத்தில் தண்ணீர் இறைக்க, அதில் 40 ஆம்பியர் பாய்கிறது. ஓம் விதிப்படி 40 வோல்ட் வழியிலேயே போய்விடும். 1600 வாட், காற்றைச் சூடாக்குவதற்கு. கம்பத்தடியில் இருப்பவருக்கு 230, கடைசி வயல்காரருக்கு 190. எல்லாரும் நிறுத்திய பிறகு அவரும் அளந்தால் 230 காட்டும். புகாரை விசாரிக்க வருபவர் எந்த நேரத்தில் அளந்தார் என்பது முக்கியம்.

அந்த 190 வோல்ட்டில் இஸ்திரிப் பெட்டி வெறுமனே மந்தமாக வேலை செய்யும். மோட்டார் அப்படி இருக்காது. ஒரு குதிரைத்திறன் சிங்கிள் ஃபேஸ் மோட்டார் 230 வோல்ட்டில் 6½ ஆம்பியர் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வகுத்தால் 35 ஓம். சுருளை மல்டிமீட்டரில் அளந்தால் சில ஓம் மட்டுமே. சுற்றும்போது மோட்டாரின் சுருளிலேயே எதிர்த்திசையில் ஒரு மின்னழுத்தம் பிறந்து, வருவதில் பெரும்பகுதியைத் தள்ளி நிறுத்துகிறது. ஆகவே இங்கே வகுத்து வருவது கம்பியின் தடை அல்ல. பெருக்கி வரும் 1495-ம் முழுதாக வாட் அல்ல. மாறுமின்னோட்டத்தில் மின்னழுத்தமும் மின்னோட்டமும் சேர்ந்து உச்சத்துக்குப் போகாமல் முன்பின்னாகப் போவதால், பவர் ஃபேக்டர் 0.8 என்றால் உண்மையில் வாங்கும் திறன் ஏறத்தாழ 1200 வாட். கணத்துக்குக் கணம் பெருக்கிச் சராசரி எடுத்தாலும் அதே 1200-தான் வரும்.

கிணற்றிலிருந்து தண்ணீரை ஏற்றும் சுமை வோல்டேஜ் குறைந்ததற்காகக் குறையாது. அதே சுமையை இழுக்க, மின்னழுத்தத்தில் இழந்ததை மோட்டார் மின்னோட்டத்தில் ஈடுகட்டுகிறது. 6½ ஆம்பியர் ஏறத்தாழ 8 ஆகிறது. சுருளின் தடை அதேதான். ஆனால் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கமாக ஏறி ஏறத்தாழ 50 சதவீதம் கூடிவிடுகிறது. கம்பியின் மேலிருக்கும் எனாமல் பூச்சு கருகி, பக்கத்துச் சுற்றுகள் ஒன்றோடொன்று தொட்டு, காயில் போகிறது. ரீவைண்டிங் கடைக்குப் போகும் மோட்டார்களில் பல இப்படிப் போனவை.

ஸ்டார்ட்டர் பலகையில் வோல்ட் மீட்டரும் ஆம்ப் மீட்டரும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பது இதற்காகத்தான். ஹீட்டர் போன்ற வெறும் தடையாக இருந்தால் இரண்டு முள்ளும் சேர்ந்தே இறங்கும். மோட்டாரில் வோல்ட் முள் இறங்க இறங்க ஆம்ப் முள் ஏறினால், சுருள் வெந்துகொண்டிருக்கிறது. மோட்டாரின் பெயர்ப்பலகையில் போட்டிருக்கும் ஆம்பியரைத் தாண்டியதும் நிறுத்திவிட்டு, அக்கம்பக்கத்து மோட்டார்கள் ஓய்ந்து வோல்டேஜ் ஏறிய பிறகு ஓட்ட வேண்டும். ஓவர்லோட் ரிலேயையும் அந்தப் பெயர்ப்பலகை ஆம்பியருக்கே வைக்க வேண்டும். அடிக்கடி அணைகிறது என்று அதைக் கூட்டி வைத்தால், ஓம் விதி தெரிந்தவர் எவரும் அந்த மோட்டாருக்கு உத்தரவாதம் தர மாட்டார்.